மவுத் ஆர்கனுக்கு ஆம்ப் தேடிய ஒன்றரை வருடம்

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் தொடங்கி 2024 ஏப்ரல் வரை, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான ப்ளூஸை மவுத் ஆர்கனில் வாசிக்க ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று அலைந்ததில் எனக்கு வீணாய்ப் போன பணம் 1,167 டாலர். கடைசியில் கைக்கு வந்த ஆம்புக்குக் கொடுத்த 350 டாலர் இதில் சேராது. பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அந்த மாதங்களில் பாதி நாள் மேடை ஏறவே பயந்து, வாசிப்பதையே விட்டுவிடலாமா என்று உட்கார்ந்திருந்தேன். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. யாராவது ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சிகாகோவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறேன். சின்ன வயதில் திருச்சியில் அப்பாவின் மவுத் ஆர்கனில் சினிமாப் பாட்டு வாசித்துப் பழகியவன். இங்கே வந்தபின் ஒரு கிளப்பில் ப்ளூஸ் கேட்டபோது, அதே பத்துத் துளை வாத்தியமா இது என்று நம்ப முடியவில்லை. சாக்ஸபோன் மாதிரி கனத்து, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்து, அடிவயிற்றில் வந்து உட்காரும் சத்தம். தெற்கே மிசிசிப்பியிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் சிகாகோவின் மேக்ஸ்வெல் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பக்கத்துக் கடையிலிருந்து வயர் இழுத்து மின்சாரம் வாங்கி வாசித்ததில் வளர்ந்த சத்தம் அது. பேசுவதற்காகச் செய்த மலிவான மைக்கைக் கைக்குள் மவுத் ஆர்கனோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, பழைய ரேடியோவில் இருக்குமே கண்ணாடிக் குழாய், அந்த வால்வுகளில் ஓடும் சின்ன ஆம்பைத் திணறத் திணற ஓட்டினார்கள். 1952இல் லிட்டில் வால்டர் என்ற மவுத் ஆர்கன் கலைஞர் அப்படிப் பதிவு செய்த ஒரு வாத்திய இசைத்தட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. இதையெல்லாம் படித்துவிட்டு நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: சத்தம் ஆம்பில் இருக்கிறது, எனவே பெரிய ஆம்ப் வாங்கு. அங்கேதான் தடம் மாறினேன்.

முதலில் வாங்கியது 430 டாலருக்கு ஒரு கிட்டார் ஆம்ப். நூறு வாட், வால்வே கிடையாது, உள்ளே நாற்பது ஐம்பது விதமான செயற்கைச் சத்தங்கள். கடைக்காரர் கிட்டாரை மாட்டி வாசித்துக் காட்டினார், பிரமாதமாக இருந்தது. கூடவே 150 டாலருக்கு ஷூர் 520டிஎக்ஸ், அதாவது ‘க்ரீன் புல்லட்’ என்று எல்லாரும் சொல்லும் உருண்டை மைக். 1949இல் வந்த பழைய மாடலின் வாரிசு அது. இந்த மைக் மட்டும் இன்றுவரை என்னிடம் உழைக்கிறது. இரண்டு வாரம் வீட்டின் அடித்தள அறையில் மெதுவாக வைத்து வாசித்துப் பழகிவிட்டு, ஒரு புதன்கிழமை ஜாமுக்குப் போனேன். பெயர் எழுதிக் கொடுத்தால் அந்த கிளப்பின் குழுவோடு இரண்டு மூன்று பாட்டு வாசிக்க விடுவார்கள். டிரம்ஸ் ஆரம்பித்ததும் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வால்யூமைக் கூட்டினேன். முதல் பாட்டில் என் முறை முடிந்து மூச்சு வாங்கக் கையைத் திறந்த அந்த நொடியில், ஆம்ப் ‘கீ’ என்று ஊளையிட ஆரம்பித்தது. முன் வரிசையில் ஒரு அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பதறிப்போய் மைக்கோடு ஆம்பை நோக்கி ஓடினேன். பக்கத்தில் போகப் போக ஊளை கூடியது. அன்று இரண்டாவது பாட்டுக்கு நான் நிற்கவில்லை.

நம் ஊர்த் திருவிழாவில் மைக் செட் போடுகிறவர், பேச்சாளர் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் பதறி ஓடி வருவார், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இது. கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்ற காந்தச் சுருள் கம்பியின் அசைவைத்தான் பிடிக்கிறது, அறையில் இருக்கிற காற்றை அது அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால் கிட்டார் ஆம்பில் முதல் கட்டத்திலேயே ஒலியைப் பல மடங்கு பெருக்கி, அங்கேயே உடைத்து, கரகரப்பு வரவைக்கிறார்கள். நம் கையில் இருப்பது மைக். அறையில் இருக்கிற அத்தனையையும் அது கேட்கும், ஆம்பின் சொந்தச் சத்தம் உட்பட. முதல் கட்டத்தில் பெருக்கம் கூடக்கூட, மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடும். நமக்கு வேண்டிய கரகரப்பு முதல் கட்டத்தில் வரக்கூடாது, கடைசியில் இருக்கிற பவர் வால்வும் ஸ்பீக்கரும் திணறுவதிலிருந்து வரவேண்டும். இந்த ஒரு விஷயம் புரியாமல்தான் நான் 430 கொடுத்ததை நான்கு மாதம் கழித்து 210க்கு விற்றேன். கடைக்குப் போனால் உங்கள் மைக்கை, உங்கள் மவுத் ஆர்கனைக் கொண்டுபோய் வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் கிட்டாரில் காட்டும் வித்தை எதுவும் நமக்கு உதவாது.

அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த மாதம், அதே ஜாமில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் என்னை வெளியே கூப்பிட்டார். நான் என்ன ஆம்ப் வாங்கலாம் என்று கேட்க ஆரம்பித்தேன். “ஆம்பை விடுங்க, கையைக் காட்டுங்க” என்றார். காட்டினேன். மவுத் ஆர்கனை இடது கை ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து, மைக்கை அதன் பின்னால் வைத்து, இரண்டு கையையும் கோத்து நின்றேன். அவர் தன் சுண்டுவிரலை என் வலது உள்ளங்கைக்கும் மைக்கின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் நுழைத்தார், தாராளமாகப் போனது. “இந்த வழியாகத்தான் உங்க சத்தம் ஓடிப்போகுது, இதே வழியாகத்தான் ஊளை உள்ளே வருது” என்றார். நன்றாகப் பொத்தினால் மைக்கின் முன்னால் நம் சத்தம் பல மடங்கு அடர்த்தியாகும், கூர்மையான மேல் ஒலிகள் அடங்கும், வெளிச் சத்தம் உள்ளே வராது. அப்புறம் ஆம்பில் அவ்வளவு பெருக்கமே தேவைப்படாது.

வீட்டில் இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டாம் துளையை உள்ளிழுத்து நீளமாகப் பிடியுங்கள். கையை மெல்லத் திறந்து மெல்ல மூடுங்கள். திறந்தபோது வெளிச்சமாகவும் மூடியபோது இருண்டும் ஒலி மாறவேண்டும். மாறவில்லை என்றால் கை மூடவே இல்லை என்று அர்த்தம். எனக்கு இது சரியாக வர மூன்று மாதம் பிடித்தது, செலவு ஒரு காசு இல்லை. முதல் ஆம்பை வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்று மாதத்தைக் கொடுத்திருந்தால்? என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். இன்னொன்று, வாசிக்காத நேரத்தில் கையைத் திறக்கும் முன் மைக்கில் இருக்கிற வால்யூம் திருகைக் குறைத்துவிடுங்கள். என் முதல் ஊளை முழுக்க முழுக்க அந்தத் திறந்த கையால் வந்தது. அந்தத் திருகு முதல் நாளிலிருந்தே என் மைக்கில் இருந்தது.

ஆனால் அவர் சொன்னதை அன்றைக்கு நான் பாதிதான் கேட்டேன். வால்வு ஆம்ப் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் மனதை விட்டுப் போகவில்லை. தாத்தா வீட்டு வால்வு ரேடியோ சூடாகி மெல்ல மெல்லக் குரல் எடுக்கும் அந்தக் கதகதப்பு நினைவில் இருந்தது. 2023 மார்ச்சில், 1960களில் செய்த ஒரு சின்ன ஆம்பை இணையத்தில் 575 டாலருக்கு வாங்கினேன். மவுத் ஆர்கனுக்கு அப்படியே தயார், எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்ததும் மாட்டினேன். ஐந்து வாட்தான், ஆனால் சத்தம் தேன். அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லாமல் வாசித்தேன். பிளக்கில் இரண்டே முள்தான் இருந்தது. பார்த்தேன், பழசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதை ஜாமுக்குக் கொண்டுபோனேன். பாட்டுக்கு நடுவில் ஒரு வரி பாட வேண்டியிருந்தது. இடது கையில் உருண்டை மைக்கைப் பிடித்தபடி, முன்னால் ஸ்டாண்டில் இருந்த பாடும் மைக்கிடம் வாயைக் கொண்டுபோனேன். உதடு அதன் கம்பிவலையில் பட்டதும் பளீரென்று ஒரு அடி. நீலமாக ஏதோ தெரிந்தது, பல் கிட்டித்தது, இடது தோள் வரை இழுத்தது. மைக்கைக் கீழே போட்டுவிட்டேன். மேல் உதட்டின் உட்புறம் பருப்பளவு வெந்து, பத்து நாள் வாசிக்க முடியவில்லை. காரில் உட்கார்ந்து கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து தூங்கும் குழந்தைகளைப் பார்த்தபோதுதான் நிஜமான பயம் வந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து ஆம்ப்களில் எர்த் முள் கிடையாது. இரைச்சலைக் குறைக்க, மின் இணைப்பின் ஒரு வயருக்கும் ஆம்பின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கண்டன்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன பாகம், வைத்திருப்பார்கள். வயதாகி அது கசிந்தாலோ ஷார்ட் ஆனாலோ சட்டம் முழுக்க மின்சாரம் ஏறும். மைக் கேபிளின் வெளிவலை அந்தச் சட்டத்தோடு இணைந்தது, மைக்கின் இரும்பு உடம்பு அந்த வலையோடு இணைந்தது, அதைப் பிடித்திருந்தது நான். பாடும் மைக்கோ சரியாக எர்த் ஆனது. இரண்டுக்கும் நடுவில் என் உடம்பு. பழுது பார்ப்பவர்கள் அந்தக் கண்டன்சரையே ‘டெத் கேப்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆக, பழைய ஆம்ப் வாங்கினால் வாசித்துப் பார்க்கும் முன்பே ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்து மூன்று முள் கேபிள் போடச் சொல்லுங்கள், அந்தக் கண்டன்சரை எடுக்கச் சொல்லுங்கள், ஃபியூஸ் சரியான வயரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவை ஆம்பின் விலையோடு சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். எனக்கு, காய்ந்துபோன ஃபில்டர் கண்டன்சர்களையும் மாற்றியதில், 190 டாலரும் ஆறு வாரமும் ஆனது. இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. மிக மலிவான பழைய ஆம்ப்களில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, வால்வுகளின் இழைகளை வரிசையாகக் கோத்து நேராக மின் இணைப்பில் மாட்டியிருப்பார்கள். பின்னால் எட்டிப் பார்த்து 50சி5, 35டபிள்யூ4 என்று எழுதிய வால்வுகள் தெரிந்தால், ஐம்பது டாலருக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இதற்கிடையில் மைக்கிலும் ஒரு இழப்பு. ஆஸ்டாட்டிக் ஜேடி-30 பழைய மைக்கில் கிரிஸ்டல் இருக்கும், அதன் சத்தமே தனி என்று கேள்விப்பட்டு 160 டாலருக்கு ஒன்று வாங்கினேன். உண்மையிலேயே தனிதான். ஜூலையில் ஒரு சனிக்கிழமை அதைக் காரின் பின் இருக்கையில் விட்டுவிட்டு மூன்று மணி நேரம் ஒரு பிறந்தநாள் விழாவில் இருந்தேன். திரும்பி வந்து மாட்டினால் எறும்பு பேசுவது போல ஒரு சத்தம். அந்தக் கிரிஸ்டல் ரோஷெல் உப்பு என்ற ஒருவகை உப்பு. 55 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கெட்டுவிடும், ஈரப்பதமும் ஆகாது. கெட்டால் சரிசெய்ய முடியாது. வெயிலில் மூடிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இதை வாங்க நினைப்பவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும். மற்றபடி, கிரிஸ்டல் மைக்குக்கு ஆம்பின் உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸும் மிக அதிகமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடி ஒலி எல்லாம் போய் மெலிந்து கேட்கும். இதற்காகவே சிலர் முதல் ரெசிஸ்டரை ஐந்து மெகாஓமாக மாற்றுகிறார்கள்.

பழுது பார்த்து வந்த ஐந்து வாட் ஆம்ப் வீட்டுக்கு அருமை, டிரம்ஸுக்கு முன்னால் காணாமல் போனது. அப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். மவுத் ஆர்கன்காரர்கள் கோயில் மாதிரி பக்தியோடு பேசும் ஆம்ப், ஃபெண்டர் பாஸ்மேனின் 1950களின் கடைசி மாடல். பாஸ் கிட்டாருக்குச் செய்தது, நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர். அதன் முதல் வால்வு 12ஏஒய்7. பின்னால் வந்த பெரும்பாலான கிட்டார் ஆம்ப்களில் அந்த இடத்தில் இருப்பது 12ஏஎக்ஸ்7. பெருக்கும் திறன் 12ஏஎக்ஸ்7க்கு 100, 12ஏஒய்7க்கு 45ஐ ஒட்டி. நம் ஊளைக்கான விடை இந்த இரண்டு எண்ணுக்குள்ளேயே இருந்தது! அசல் பாஸ்மேன் எனக்குக் கட்டுப்படியாகாது, அந்தக் கனத்தைத் தூக்கவும் முதுகு கேட்காது. வாட் பற்றிய என் பைத்தியமும் அப்போதுதான் தெளிந்தது. வாட் பத்து மடங்கு கூடினால்தான் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம். கிளப் பெரிதாக இருந்தால் சின்ன ஆம்புக்கு முன்னால் அரங்கத்தின் மைக் ஒன்றை வைத்துப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடலாம். பதினைந்து வாட் போதும்.

அப்படித்தான் பழைய ஃபெண்டர் ப்ரோ ஜூனியர் ஒன்றை 350 டாலருக்கு வாங்கினேன். பதினைந்து வாட், ஒரு பத்து அங்குல ஸ்பீக்கர், இரண்டு ஈஎல்84 பவர் வால்வு, முன்னால் இரண்டு 12ஏஎக்ஸ்7, வால்யூம், டோன் என்று இரண்டே திருகு. இம்முறை விற்பவரின் வீட்டிலேயே என் மைக்கை மாட்டினேன். ஆறடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, மைக்கைப் பொத்தியபடி அவரை மெல்ல வால்யூமைக் கூட்டச் சொன்னேன். ஊளை தொடங்கும் இடம் 3. கொஞ்சம் இறக்கி அங்கே வாசித்தால் சத்தம் எவ்வளவு, அந்த இடத்தில் ஒலி கனக்க ஆரம்பிக்கிறதா என்று கேட்டேன். எந்த ஆம்பையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். ஊளைக்கு முன்னால் கிடைக்கிற சத்தம்தான் நமக்குச் சொந்தம், மற்ற எண்கள் அட்டைப் பெட்டிக்குச் சொந்தம்.

வீட்டுக்கு வந்து முதல் வால்வை மாற்றினேன். இதற்கு சால்டரிங் வேண்டாம், ஆம்பைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிட்டு, பின்பக்கமாகக் கையை விட்டு வால்வை லேசாக அசைத்து அசைத்து நேராக இழுத்தால் வந்துவிடும். புதியதன் ஒன்பது முள்ளையும் இடைவெளி பார்த்துப் பொருத்தி அழுத்த வேண்டும். ஆர்வத்தில் முதலில் 22 டாலருக்கு 12ஏயு7 வாங்கினேன். பெருக்கம் 20 கூட இல்லை. ஊளை சுத்தமாகப் போனது, கூடவே உயிரும் போனது. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருந்தது. ஒரு வாரம் கழித்து 34 டாலருக்கு 12ஏஒய்7 வந்தது. அதைப் போட்டு வால்யூமை 3இல் வைத்தேன், அமைதி. 4, அமைதி. ஐந்தைத் தாண்டித்தான் முனக ஆரம்பித்தது. 4.5இல் நான்காம் துளையை உள்ளிழுத்தபோது, அந்தக் கிளப்பில் முதல்முதலாகக் கேட்ட ஓரம் கிழிந்த சத்தம் என் அடித்தளத்தில் நின்றது. கண் கலங்கிவிட்டது எனக்கு. உங்கள் ஆம்பில் 12ஏஒய்7 மந்தமாகத் தெரிந்தால் நடுவில் 5751 இருக்கிறது, பெருக்கம் 70. ஒரே நேரத்தில் ஒரு வால்வை மட்டும் மாற்றிக் கேளுங்கள், இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒலியைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சரைப் பெரிதாக்கி அடி ஒலியைக் கூட்டுவது, ஸ்பீக்கரை மாற்றுவது என்று அடுத்த கட்டங்கள் உண்டு. நான் அவற்றுக்குப் போகவில்லை, தேவைப்படவில்லை. போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: வால்வு ஆம்பின் ஃபில்டர் கண்டன்சர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கும். அதை இறக்கத் தெரியாதவர் உள்ளே கை வைக்கவே கூடாது. உதட்டில் வாங்கிய அடியே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

ஆம்பை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூலையில் வைக்காதீர்கள், அடி ஒலி குழம்பும். தரையில் வைத்தால் சத்தம் கணுக்காலுக்குத்தான் போகும், நமக்குக் கேட்காமல் வால்யூமைக் கூட்டுவோம். நாற்காலி மேல் ஏற்றி, கொஞ்சம் பின்னால் சாய்த்து, மைக்கின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்காதபடி பக்கவாட்டில் நில்லுங்கள். டோன் திருகைப் பாதிக்குக் கீழே வையுங்கள், ஊளை பெரும்பாலும் மேல் ஒலியில்தான் பிடிக்கும்.

ஏப்ரல் இரண்டாம் புதன்கிழமை அதே ஜாமுக்குப் போனேன். ஜி சுருதியில் ஒரு மெதுவான ப்ளூஸ், கையில் சி மவுத் ஆர்கன் (சுருதிக்கு ஏற்ப வேறு வேறு மவுத் ஆர்கன் எடுக்க வேண்டும்). வால்யூம் 4.5, ஆம்பின் முன்னால் அரங்கத்து மைக். பெரியவர் வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தார். என் முறை முடிந்து, அடுத்த பாட்டுக்கு ஏ மவுத் ஆர்கனை எடுக்க வேண்டும். வலது கட்டைவிரலால் மைக்கின் திருகைக் குறைத்தேன், கையைத் திறந்தேன், சட்டைப் பையில் தேடினேன். ஆம்ப் பேசாமல் இருந்தது.